உடுவில் பாட்டியும் டல்லஸ் விமான நிலையமும்

தாம்பரத்தில் ஏதாவது ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். சேலையூரோ, சிட்லப்பாக்கமோ, எதுவானாலும் சரி. நாலு வீட்டுப் பிள்ளைகளாவது அமெரிக்காவில் இருப்பார்கள். அதில் ஒன்றிரண்டு கட்டாயம் வர்ஜீனியா பக்கம். பெத்தவங்க ஊறுகாய், பருப்புப்பொடி சகிதம் மீனம்பாக்கத்தில் ஏறி, துபாயிலோ தோஹாவிலோ மாறி, கடைசியில் இறங்குகிற இடத்தின் பெயர் வாஷிங்டன் டல்லஸ்.

எங்கள் எதிர்வீட்டு சார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண் வீட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அவருக்கு ஒரே கவலை. "டாலஸ் டெக்ஸாஸ்ல இருக்கு சார். நான் போனது டல்லஸ். இத்தோட இருபது பேருக்காவது விளக்கம் சொல்லிட்டேன். ஆமா, யார் சார் அந்த டல்லஸ்?"

கேட்டாரே ஒரு கேள்வி! அமெரிக்க வெளியுறவு அமைச்சராக 1953 முதல் 1959 வரை இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் என் மேஜையில் ஒரு தடிமனான தமிழ் அகராதி கிடந்தது. வின்ஸ்லோ அகராதி. அதைக் காட்டி, "இந்த புக்கை எழுதினவரோட கொள்ளுப்பேரன்தான் சார் அவரு" என்றேன். சார் நம்பவில்லை. நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

ஆனால் இது அகராதிக்காரரின் கதை இல்லை. அவர் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். அகராதிக்கும் விமான நிலையத்துக்கும் நடுவில் ஓடுகிற நூல் ஒரு பெண்ணின் கையில் இருக்கிறது. இல்லை, இரண்டு பெண்கள். இருவர் பெயரும் ஹாரியட்.

முதல் ஹாரியட் பிறந்தது 1796 ஏப்ரலில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நார்விச் ஊரில். ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதியாக இருந்த நேரம். அமெரிக்கா என்ற நாட்டுக்கே இருபது வயதுதான். அப்பா சார்லஸ் லாத்ரோப், அம்மா ஜொவானா லெஃபிங்வெல். இரண்டுமே அந்த ஊரில் பழைய, செல்வாக்கான குடும்பங்கள். லெஃபிங்வெல்கள் 1659இல் ஊரை உண்டாக்கியவர்களில் சேர்த்தி. லாத்ரோப்கள் சளைத்தவர்கள் இல்லை. ஜான் லாத்ரோப் என்ற பாதிரியார் அரசுத் திருச்சபையை எதிர்த்து லண்டனில் சிறையில் கிடந்து, விடுதலையாகி 1634இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அவருடைய மகன் சாமுவேல் 1668இல் நார்விச்சில் வந்து குடியேறினார். அந்தப் பாதிரியாரின் கொடிவழியில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இரண்டு புஷ்கள் என்று ஜனாதிபதிகளே வருகிறார்கள் என்பது அங்கே வம்சாவளி பார்ப்பவர்களுக்கு மனப்பாடம். அமெரிக்கர்களின் எட்டப்பனான பெனடிக்ட் ஆர்னல்டும் இதே நார்விச்காரர்தான். சின்ன வயதில் லாத்ரோப் குடும்பத்து மருந்துக்கடையில்தான் தொழில் பழகினார்.

முன்னூறு நானூறு வருஷத்துக் கதையை இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிவது எப்படி? நியூ இங்கிலாந்து ஊர்களில் ஆரம்பத்திலிருந்தே பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் ஊர்க் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்கள். வீட்டு பைபிளின் வெற்றுத்தாளில் பிள்ளைகள் பெயரும் தேதியும் இருக்கும். கல்லறைக் கல்லில் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று செதுக்கியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதையெல்லாம் சேர்த்துக் குடும்பத்துக்கு ஒரு புத்தகம் போட ஆரம்பித்தார்கள். லாத்ரோப் குடும்பத்துக்கும் 1884இல் அப்படி ஒரு தடித்த புத்தகம் வந்தது.

சரி, நம் ஊர்ப் பக்கம் வருவோம்.

ஹாரியட்டுக்கு மிஷனரியாகப் போகவேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் கல்யாணமாகாத பெண்ணை அவ்வளவு சுலபத்தில் கடல்கடந்து அனுப்ப மாட்டார்கள். மிஷனரியைக் கட்டிக்கொண்டால்தான் வழி பிறக்கும். வெர்மாண்டிலிருந்து வந்த மைரன் வின்ஸ்லோவுக்கும் அவருக்கும் 1819 ஜனவரியில் கல்யாணம். ஜூனில் பாஸ்டனில் 'இண்டஸ்' என்ற கப்பலில் ஏறினார்கள். கப்பலில் மொத்தம் நான்கு மிஷனரித் தம்பதிகள். வின்ஸ்லோ, ஸ்போல்டிங், உட்வர்ட், ஸ்கடர்.

ஸ்கடர் என்றதும் உங்களுக்குப் பொறி தட்டியிருக்குமே! ஆமாம், வேலூர் சி.எம்.சி. ஸ்கடர் குடும்பம்தான். அந்தக் கப்பலில் வந்த டாக்டர் ஜான் ஸ்கடரின் மனைவி பெயரும் ஹாரியட் (இவர் ஹாரியட் வாட்டர்பரி). இவருடைய மகன் வழிப் பேத்திதான் ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர். 1918இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கிய அதே ஐடா. ஒரே கப்பலில் இரண்டு ஹாரியட்டுகள் வந்தார்கள். ஒருவர் வம்சம் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனது, இன்னொருவர் வம்சம் வாஷிங்டன் அதிகாரத்துக்குப் போனது. முதலாவது கதையை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இரண்டாவது அவ்வளவாக யார் காதிலும் விழவில்லை.

கல்கத்தா வழியாக அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் மதராஸ் இல்லை, யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷன் அங்கே 1816இலேயே தெல்லிப்பழையில் வேலையைத் தொடங்கியிருந்தது. கம்பெனி ஆட்சியில் இருந்த மதராஸில் அமெரிக்கர்களுக்குக் கதவு திறந்தது 1833 சாசனச் சட்டத்துக்குப் பிறகுதான். இலங்கையிலும் ஒன்றும் சிவப்புக் கம்பளம் விரிக்கவில்லை. இருப்பவர்கள் இருக்கலாம், இனிமேல் புதிதாக ஒருத்தரும் வரக்கூடாது என்று 1820இல் கவர்னர் உத்தரவு போட்டார். அச்சுவேலைக்கென்று வந்த ஜேம்ஸ் காரெட் திருப்பி அனுப்பப்பட்டார். பன்னிரண்டு பதிமூன்று வருஷம் அந்தத் தடை நீடித்தது. அதாவது, ஹாரியட் அங்கே வாழ்ந்த காலம் முழுக்க ஊரிலிருந்து புதிதாக உதவிக்கு ஒரு கை வர முடியவில்லை.

1820இல் வின்ஸ்லோக்கள் உடுவிலில் குடியேறினார்கள். யாழ்ப்பாண நகரத்திலிருந்து வடக்கே ஐந்தாறு மைல். அங்கே ஹாரியட் 1824இல் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அப்படிப்பட்ட பள்ளிகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. இன்று உடுவில் மகளிர் கல்லூரி என்று அதே இடத்தில் நடக்கிறது. இருநூறு வருஷம் தாண்டிவிட்டது.

1824இல் பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என்றால் சும்மாவா? அதுவும் வீட்டைவிட்டு வெளியே தங்கி, வேறு சாதிப் பிள்ளைகளோடு ஒன்றாகச் சாப்பிட்டு? படித்த பெண்ணை யார் கட்டுவார்கள் என்ற பயம் வேறு. மிஷன் அதற்கும் ஒரு வழி செய்தது. சாப்பாடு, துணிமணி, படிப்பு எல்லாம் இலவசம், கல்யாணத்தின்போது ஒரு சிறு சீதனமும் உண்டு. ஆண்பிள்ளைகளுக்கு 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி ஆரம்பித்திருந்தார்கள். வட்டுக்கோட்டைப் பையனுக்கு உடுவில் பெண் என்று சம்பந்தங்கள் அமைந்தன. இதில் மதமாற்றக் கணக்கு இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள், இருந்தது. எழுத்தும் கணக்கும் பெண்கள் கைக்குப் போனதும் நடந்தது. இரண்டையும் சேர்த்தேதான் சொல்லவேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஹாரியட் ஆறு பிள்ளைகள் பெற்றார். சிலவற்றை அங்கேயே புதைத்தார். மூத்த பையன் சார்லஸைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1832இல் நியூயார்க்கில் பதினோரு வயதில் இறந்துபோனான். அடுத்த வருஷம், 1833 ஜனவரியில், ஹாரியட்டும் உடுவிலில் காலமானார். வயது 36.

அவருடைய மூன்று தங்கைகளும் பிறகு மிஷனரி மனைவிகளாக இதே தமிழ்நிலத்துக்கு வந்தார்கள். கணவர்கள் பெயர் ஹட்சிங்ஸ், பெர்ரி, செர்ரி. பெர்ரி வீட்டுத் தங்கை 1837இல் காலரா கண்டு போனார், செர்ரி வீட்டுத் தங்கையும் அதே வருஷம் போனார். நார்விச்சில் ஒரே வீட்டில் பிறந்த நான்கு பெண்கள் கடல் கடந்து வந்தார்கள். அதில் மூன்று பேர் திரும்பிப் போகவில்லை.

ஹாரியட் பள்ளிக்கூடத்தை ஸ்போல்டிங் தம்பதியும், 1840 வாக்கிலிருந்து எலிஸா அக்னியூ என்ற கல்யாணமாகாத அமெரிக்கப் பெண்மணியும் தூக்கி நிறுத்தினார்கள். அக்னியூ நாற்பது வருஷம் ஊருக்கே போகாமல் அங்கேயே இருந்தார். ஆயிரம் மகள்களின் தாய் என்று பெயர் எடுத்தார்.

மைரன் வின்ஸ்லோ என்ன செய்தார்? தாயில்லாப் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்கா போனார், அவர்களை அங்கே சொந்தக்காரர்களிடம் விட்டார், மனைவியின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் கோத்து 1835இல் நியூயார்க்கில் ஒரு புத்தகமாகப் போட்டார். பிறகு திரும்பி வந்து 1836இல் டாக்டர் ஸ்கடரோடு சேர்ந்து மதராஸில் மிஷனைத் தொடங்கினார். ராயபுரம், சிந்தாதிரிப்பேட்டை என்று அவர்கள் புழங்கிய பகுதிகள் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். 

அகராதி வேலையை யாழ்ப்பாணத்தில் தொடங்கியவர் ஜோசப் நைட் என்ற இங்கிலாந்துப் பாதிரியார். அவர் 1838இல் இறந்துபோக, பல கை மாறி வின்ஸ்லோவிடம் வந்தது. இராமாநுச கவிராயர் போன்ற புலவர்கள் துணை நின்றார்கள். இருபது வருஷத்துக்கும் மேற்பட்ட உழைப்பு. 67,000க்கு மேற்பட்ட சொற்கள், கிட்டத்தட்ட ஆயிரம் பக்கம். 1862இல் மதராஸ் அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் வெளியானது. பிற்பாடு சென்னைப் பல்கலைக்கழகம் கொண்டுவந்த தமிழ் லெக்சிகனுக்கு அடித்தளமும் இதுதான். 1864இல் ஊருக்குத் திரும்பும் வழியில் வின்ஸ்லோ தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் உயிர்விட்டார். (நண்பர் ஸ்கடரும் ஒன்பது வருஷம் முன்னால் அதே ஊரின் பக்கத்தில்தான் இறந்தார். ஒரே கப்பலில் வந்தவர்களுக்குக் கடைசி இடமும் பக்கம் பக்கம்.)

வின்ஸ்லோ மொத்தம் ஐந்து தடவை கல்யாணம் செய்துகொண்டார். நான்கு மனைவிகள் இந்த மண்ணில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். அகராதியின் முகப்பில் ஒரு பெயர்தான் இருக்கிறது. அதைத் தவறென்று சொல்ல வரவில்லை. எழுதினவர் பெயர்தானே போடுவார்கள். ஆனால் வம்சாவளி தேடுகிறவன் அந்த ஒரு பெயரில் நின்றுவிட்டால் எங்கேயும் போகமுடியாது. ஐந்தில் எந்த மனைவியின் வழியில் வந்த பிள்ளை என்று தெரியாமல் மரம் வளராது.

இப்போது இரண்டாவது ஹாரியட்.

1829இல் இலங்கையில் பிறந்த மகள். அம்மா சாகும்போது வயது மூன்றோ நாலோ. முழுப்பெயர் ஹாரியட் லாத்ரோப் வின்ஸ்லோ. நடுவில் நிற்கிற 'லாத்ரோப்'பைக் கவனியுங்கள். அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர். அமெரிக்காவில் வளர்ந்த இவர் ஜான் வெல்ஷ் டல்லஸ் என்ற பிலடெல்பியா பாதிரியாரைக் கட்டிக்கொண்டார். புதுத் தம்பதி மிஷன் வேலைக்காக எங்கே வந்தார்கள் தெரியுமா? மதராஸுக்கு! 1849இலிருந்து நாலைந்து வருஷம் இங்கே இருந்தார்கள். அப்பா அகராதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே ஊரில், அதே வருஷங்களில்.

ஜான் டல்லஸுக்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. 1853இல் ஊர் திரும்பினார்கள். மதராஸ், நீலகிரி, கல்கத்தா அனுபவங்களை வைத்து அவர் 1855இல் ஒரு புத்தகம் போட்டார். திரும்பிப்போன மறுவருஷம், 1854இல், பிலடெல்பியாவில் பிறந்த பிள்ளை ஆலன் மேசி டல்லஸ். இரண்டாவது ஹாரியட்டும் அம்மா மாதிரியே சீக்கிரம் போய்விட்டார். 1861, முப்பதுகளின் தொடக்கம். பையனுக்கு ஏழு வயதுகூட சரியாக நிரம்பியிருக்காது. அம்மா இல்லாமல் வளர்ந்த பெண்ணின் பிள்ளையும் அம்மா இல்லாமல் வளர்ந்தான்.

ஆலன் மேசி வளர்ந்து நியூயார்க் மாநிலத்தில் பாதிரியாராகவும் இறையியல் பேராசிரியராகவும் ஆனார். அவர் கட்டிக்கொண்டது ஈடித் ஃபாஸ்டரை. ஈடித்தின் அப்பா ஜான் ஃபாஸ்டர் 1892–93இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர். ஈடித்தின் தங்கை வீட்டுக்காரர் ராபர்ட் லான்சிங் 1915 முதல் 1920 வரை அதே பதவி. இவர்களுக்கு ஐந்து பிள்ளைகள். அதில் மூன்று பேரை உலகம் அறியும்.

மூத்தவர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். தாத்தாவும் சித்தப்பாவும் உட்கார்ந்த நாற்காலியிலேயே 1953இல் வந்து உட்கார்ந்தார். தம்பி ஆலன் டல்லஸ் அதே 1953இல் சி.ஐ.ஏ. தலைவராகி 1961 வரை இருந்தார். வெளியே அண்ணன், உள்ளே தம்பி. ஈரானில் 1953இல் மொசாதேக் ஆட்சியும், குவாத்தமாலாவில் 1954இல் அர்பென்ஸ் ஆட்சியும் கவிழ்ந்தது இவர்கள் காலத்தில். கியூபாவில் பிக்ஸ் வளைகுடாப் படையெடுப்பு 1961இல் படுதோல்வி அடைந்து தம்பியின் பதவியைப் பறித்தது.

இந்தியாவோடு அண்ணனுக்கு ஏழாம் பொருத்தம். 1954இல் சீட்டோ ஒப்பந்தத்தில் பாகிஸ்தானைச் சேர்த்தார். 1955 டிசம்பரில் போர்ச்சுகல் வெளியுறவு அமைச்சரோடு சேர்ந்து விட்ட அறிக்கையில், கோவாவைப் போர்ச்சுகலின் மாகாணம் என்கிற தொனியில் பேசப்போக, இங்கே கொந்தளிப்பு. 1956இல், எந்த அணியிலும் சேராமல் நிற்பது ஒழுக்கக்கேடு என்கிற மாதிரி பேசினார். நேருவுக்கு எப்படி இருந்திருக்கும்! தம்பி ஆலன் மட்டும் பிரின்ஸ்டன் படிப்பு முடித்த கையோடு 1914இல் இந்தியா வந்து, அலகாபாத்தில் ஒரு கிறிஸ்தவக் கல்விநிலையத்தில் கொஞ்ச காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்.

மூன்றாமவர் தங்கை எலினார் லான்சிங் டல்லஸ். பொருளாதார நிபுணர். வெளியுறவுத் துறையில் பெர்லின் விவகாரங்களைப் பார்த்துக்கொண்டவர். கொள்ளுப்பாட்டி 36 வயதில் போனார், பாட்டி முப்பது சொச்சத்தில் போனார். இவர் 1895இல் பிறந்து 1996 வரை, 101 வயது வாழ்ந்தார். அந்த வீட்டுப் பெண்களுக்கு விட்டுப்போன வயதையெல்லாம் சேர்த்து வாங்கிக்கொண்ட மாதிரி.

ஜான் ஃபாஸ்டர் டல்லஸின் மகன் ஏவரி டல்லஸ் கத்தோலிக்கராக மாறி, 2001இல் போப் இரண்டாம் ஜான் பாலால் கர்தினாலாக உயர்த்தப்பட்டவர். ஹாரியட்டுக்கு எள்ளுப்பேரன். உடுவில் புராட்டஸ்டண்ட் பாட்டி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ :-)

டல்லஸ் அண்ணன் 1959இல் புற்றுநோயில் இறந்தார். 1962இல் திறந்த விமான நிலையத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். எதிர்வீட்டு சார் கேட்ட கேள்விக்கு விடை இதோடு முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை.

இந்தக் கொடியைப் பிடித்துப் போக எனக்கு வழிகாட்டியது பெயர்கள்தான். ஹாரியட் *லாத்ரோப்* வின்ஸ்லோ, ஜான் *ஃபாஸ்டர்* டல்லஸ், எலினார் *லான்சிங்* டல்லஸ். மூன்றிலும் நடுப்பெயர் அம்மா வழிச் சொந்தத்தைச் சொல்கிறது. கடைசிப்பெயர் அப்பாவுக்கு, நடுப்பெயர் அம்மா வீட்டுக்கு. அதனால்தான் பெண் வழியாகப் போகிற கிளையும் பட்டுப்போகாமல் கொஞ்சம் பச்சையாக நிற்கிறது.

நம்மிடம் என்ன இருக்கிறது? பெயரன்தான் பேரன் ஆனான் என்று நாம் படித்திருக்கிறோம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். பாட்டி பெயரைப் பேத்திக்கும் வைக்கிறோம்தான். ஆனால் இனிஷியல் அப்பாவுடையது, கல்யாணமானால் கணவருடையது. தர்ப்பணம் செய்கிற வீடுகளில் அம்மா வழியும் சேர்த்து மூன்று தலைமுறைப் பெயர் வாயில் நிற்கும். அதற்கு மேலே? ஊர்ப்பெயர்தான் மிச்சம். மதுராந்தகத்து ஆயா, உத்திரமேரூர் பாட்டி, வாலாஜாபாத் அத்தை. கூப்பிடும்போது மரியாதை, அன்பு எல்லாம் சரி. இரண்டு தலைமுறை தாண்டினால் ஊர் நிற்கும், ஆள் போய்விடுவாள்.

இங்கேதான் உடுவில் பள்ளிக்கூடம் ஒரு சிக்கலைப் போடுகிறது. அமெரிக்கத் திண்ணைகளில் உட்கார்ந்திருந்த நன்கொடையாளர்கள், நாங்கள் பணம் தருகிற பிள்ளைக்கு நாங்கள் சொல்கிற பெயரை வையுங்கள் என்பார்கள். மிஷனும் வைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் 1857இல் இருவர். சி.வை. தாமோதரம்பிள்ளை ஒருவர். இன்னொருவர் கறோல் விசுவநாதபிள்ளை. அந்தக் கறோல் எங்கேயோ அமெரிக்காவிலிருந்து வந்த பெயர். 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளைக்கு ஆர்னல்ட் என்று பெயர். (அந்த எட்டப்பன் ஆர்னல்டோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள்.) ஆண்கள் படித்துப் பெரியவர்களாகித் தமிழ்ப்பெயரையும் கூடவே தக்கவைத்துக்கொண்டார்கள். புத்தகம் எழுதினார்கள், அட்டையில் இரண்டு பெயரும் வந்தது. பெண்பிள்ளைகள்?

சிட்லப்பாக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், போர்க்காலத்தில் இந்தப் பக்கம் வந்து தங்கிவிட்டார். வின்ஸ்லோ கதையைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் உடுவில் தம்பி. என்ர அம்மாவும் உடுவில். அம்மம்மாவும் உடுவில். அம்மம்மான்ர அம்மம்மாவும் அங்கதான் படிச்சவவாம்."

"அவங்க பேர் தெரியுமாம்மா?"

"பள்ளிக்கூடத்தில வச்ச வெள்ளைக்காரப் பேர் தெரியும். வீட்டில என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டவை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே சொன்னார். "அந்தப் பேருக்குக் காசு குடுத்த மனுசி ஆரெண்டு தேடினா, இண்டைக்கும் கண்டுபிடிக்கலாம் போல. எங்கட ஆளைத்தான் கண்டுபிடிக்கேலாது."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னது அப்படியே உண்மை. நியூ இங்கிலாந்தில் நன்கொடை கொடுத்த பெண்மணிக்கு ஊர்க் குறிப்பேடு, பைபிள், கல்லறைக் கல், குடும்பப் புத்தகம் என்று நான்கு சாட்சி. உடுவிலில் அவர் பெயரைச் சுமந்து படித்த தமிழ்ப்பெண்ணுக்கு அந்த இரவல் பெயர் ஒன்றே சாட்சி. வம்சாவளி தேடுகிறவர் கண்ணில் அவள் ஓர் அமெரிக்கப் பெண் மாதிரி தெரிவாள். மரத்தில் ஒட்டாத ஒரு கிளை. அவளுடைய அம்மா யார், பாட்டி யார் என்று மேலே ஏறப் படியே இல்லை.

ஹாரியட் வின்ஸ்லோ நல்ல மனுஷி என்றுதான் அவர் கடிதங்களைப் படித்தால் தோன்றுகிறது. பெண்பிள்ளைகள் கையில் எழுத்தைக் கொடுத்தவர். அந்தக் கை தன் பெயரைத் தானே எழுதத் தொடங்கியபோது, எழுதிய பெயர் வேறொருத்தியுடையது என்பதுதான் கொடுமை. இது உடுவிலில் மட்டும் நடந்தது என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நாம் யாரும் பெயரை மாற்றவில்லை. எழுதிவைக்கவே இல்லை, அவ்வளவுதான். பலன் இரண்டுக்கும் ஒன்றுதான்.

சும்மா ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். அம்மா பெயர், அம்மாவின் அம்மா பெயர், அவருடைய அம்மா பெயர், அவருக்கும் அம்மா பெயர். பெண் வழியாக மட்டும் ஏறவேண்டும். நான் மூன்றாவது படியில் நின்றேன். எங்கள் பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, செங்கல்பட்டில் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை போன் போட்டுக் கேட்டேன். "இப்ப எதுக்குடா அதெல்லாம்?" என்று ஆரம்பித்தவர், நாலாவது படியின் பெயரைப் பட்டென்று சொன்னார். ஐந்தாவது பெயருக்கு யோசித்தார். "அவங்களை எல்லாரும் ஆத்தூர் ஆயான்னுதான்டா சொல்வாங்க" என்றார். அதோடு நின்றுவிட்டது.

நாலு பெயரையும் ஒரு நோட்டில் எழுதினேன். ஐந்தாவது வரியில் 'ஆத்தூர் ஆயா' என்று போட்டேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மாவோ அத்தையோ அம்மம்மாவோ இருப்பார். அவர் நினைவு தெளிவாக இருக்கும்போதே ஒரு போன் போட்டுவிடுங்கள்.